கடைசி இலை முடிகிற வரை

தூத்துக்குடி ஸ்டேஷனில் காலை ஏழு மணிக்கு இறங்கினேன். ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்குப் பஸ், அங்கிருந்து சென்னைக்கு விமானம், எழும்பூரிலிருந்து ராத்திரி முழுக்க ரயில். இடுப்பு போன இடம் தெரியவில்லை. மார்கழி மாதம் குளிரும் என்று யாரோ சொன்னதை நம்பி ஸ்வெட்டர் வேறு போட்டிருந்தேன். பிளாட்பாரத்தில் என்னைத் தவிர ஒருவரும் ஸ்வெட்டரில் இல்லை. கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே வந்து பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்தேன். அதன் பிறகுதான் வந்த காரியம் நினைவுக்கு வந்தது.

வந்த காரியம் ஆசிரம சேவை. "வெளிநாட்டு ஆசிரமத்துல போயி கண்ணை மூடிக்கிட்டு உட்காரவா இவ்வளவு தூரம்?" என்று ஈப்போவில் நண்பர்கள் கேலி செய்தார்கள். கண்ணை மூடுகிற ஆள் நான் இல்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். பன்னிரண்டு மணி என்றால் பன்னிரண்டுக்குத் தட்டு வார்டுக்குப் போயாக வேண்டும். அப்படியே வாழ்ந்து பழகிவிட்டது. ஓய்வுக்குப் பிறகு வேலை இல்லாமல் வீட்டுச் சமையலறையில் டப்பாக்களை வரிசை மாற்றி அடுக்க ஆரம்பித்தேன். என் மனைவி சில மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, "எங்கேயாவது போயிட்டு வாங்களேன்" என்றாள். இந்தக் கடற்கரையில் ஓர் ஆசிரமம் இருக்கிறது, மதியம் யார் வந்தாலும் சோறு போடுகிறார்கள், உதவிக்கு ஆள் வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் யாரோ சொல்லக் கேட்டு, டிக்கெட் எடுத்துவிட்டேன்.

வேம்பார் பஸ்ஸில் ஏறி வைப்பாருக்கு ஒரு சீட்டு கேட்டேன். கண்டக்டர் சீட்டைக் கிழிப்பதற்கு முன்பே, "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்றார். மலேசியா என்றேன். அது சரி, சொந்த ஊர் எது என்று கேட்டார். அதுதான் என்றேன். அப்பாவுக்கு எந்த ஊர் என்றார். அப்பாவும் அங்கேதான் பிறந்தார் என்றேன். தாத்தா கப்பலேறிய ஊர் எங்களுக்குச் சரியாகத் தெரியாது என்று சொன்னதும் பஸ்ஸே ஒரு கணம் எனக்காக வருத்தப்பட்டது. முன் சீட்டில் மீன்கூடையோடு இருந்த அம்மா திரும்பி, "எல்லாம் இங்கனதான் இருக்கும்" என்று ஆறுதல் சொன்னார். இந்தப் பக்கத்தில் ஒருவரை ஊர் கேட்காமல் விடுவது மரியாதைக் குறைவு என்பது அன்றைக்கே புரிந்துவிட்டது.

தருவைகுளம் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். மழைத் தண்ணீர் இன்னும் வற்றவில்லை. பாத்திகளுக்கு வரப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு பனை, உடைமரம், மறுபடியும் பனை. முப்பது கிலோமீட்டர் சொச்சம் என்று சொன்ன தூரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. இறங்கி, கீழவைப்பார் பக்கம் போன ஒரு ஷேர் ஆட்டோவில் கடைசித் தூரத்தைக் கடந்தேன்.

ஆசிரமத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று அதை நடத்துகிறவர் கேட்டுக்கொண்டார். எல்லோரும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுகிறார்கள். காவி இல்லை, தாடி இல்லை. வெள்ளை வேட்டியும் கை வைத்த பனியனும்தான். துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் இன்ஜின் பார்த்தவராம். இரண்டு ஓட்டுக் கட்டிடங்கள், ஒரு கிணறு, வேப்பமரங்கள், நீளமான ஒரு சாப்பாட்டுக் கொட்டகை. கடல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் காது விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும்.

காலை நாலரைக்குச் சங்கு ஊதுவார்கள். கீழவைப்பாரிலிருந்து சமைக்க வரும் புஷ்பத்தின் வீட்டுக்காரர் கடலில் மூழ்கி எடுத்துக் கொடுத்த சங்கு அது. ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை தவறாத கத்தோலிக்கர் கொடுத்த சங்கைச் சிவன் படத்துக்கு முன்னால் வைத்து ஊதுகிறார்கள். இதை நான் ஒரு பெரிய விஷயமாக எடுத்துப் பேசப் போக, "நல்லாக் கேக்குதுல்லா?" என்று மட்டும் புஷ்பம் கேட்டார். நன்றாகத்தான் கேட்கிறது. முதல் நாள் கட்டிலிலிருந்து விழப் பார்த்தேன்.

ஐந்து மணிக்குப் பெருக்கல். வேப்பிலை விழுந்துகொண்டே இருப்பதால் இதற்கு முடிவே கிடையாது. ஏழு மணிக்கு உளுந்தங்கஞ்சி. எட்டிலிருந்து பதினொன்றரை வரை சமையலறை. என்னுடைய மலேசியக் கைவரிசையைக் காட்டலாம் என்று முதல் வாரம் சாம்பாரில் கொஞ்சம் பட்டையைத் தட்டிப் போட்டேன். புஷ்பம் மோந்து பார்த்துவிட்டு, "பிரியாணியா அண்ணாச்சி?" என்றார். அன்றிலிருந்து எனக்குக் காய் நறுக்குகிற வேலையும் பரிமாறுகிற வேலையும்தான். பின்மதியம் பாத்திரம், மாலையில் விளக்கும் பாட்டும், ஒன்பதுக்கு ஊரடங்கு. கண்ணை மூடி உட்கார யாரும் என்னைக் கேட்கவே இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு இரண்டே விதிகள். உட்கார்ந்திருப்பவரை ஊரும் பேரும் கேட்கக்கூடாது. இது முதல் விதி. ஊர் கேட்காமல் வாயைத் திறக்காத இந்த மக்களிடையே இது ஏன் தேவை என்பது பஸ்ஸில் வந்த எனக்குத் தெரியும். பந்தி நடக்கும்போது கொட்டகையில் பேச்சே இருக்காது; இலை பார்த்துத்தான் பரிமாற வேண்டும். இரண்டாவது விதி, கடைசி இலை முடிகிற வரை யாரும் எழும்பக்கூடாது. சாமி ஓரத்தில் உட்கார்ந்து வரிசையை ஒரு பார்வை பார்ப்பார். எல்லோரும் முடித்த பிறகு அவர் எழும்புவார், பந்தியும் எழும்பும்.

இந்த இரண்டாவது விதிதான் என்னைப் படுத்தியது. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவன் கண்ணுக்கு முன்னால் முப்பது பேர் சாப்பிட்ட கையோடு சும்மா உட்கார்ந்திருப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பான்?

அதிலும் மார்கழி அமாவாசை அன்று பொறுமை போயே போய்விட்டது. அமாவாசையன்று காலையில் கடலில் குளித்து, அப்பா அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு நேரே சாப்பிட வருகிறவர்கள் உண்டு. அன்று ஒரு மெலிந்த ஆள் வரிசையின் கிழக்குக் கோடியில் உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். காக்கிச் சட்டை. அவர் சாப்பிட்ட வேகத்தை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. ஒரு கவளத்தை உருட்டுவார், பார்ப்பார், வாயில் போடுவார், மெல்லுவார், மெல்லுவார். மேற்குக் கோடியில் வெள்ளைத் துண்டு போட்ட, அவரைவிடப் பத்து வயது மூத்த ஒருவர். அவர் சாப்பாட்டை முதல் ஆளாக முடித்துவிட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. காக்கிச் சட்டைக்காரரிடம் புஷ்பம் மூன்றாம் முறை ரசம் கொண்டுபோனபோது எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. முட்டி வலிக்கிற பெண்கள் காலை மாற்றி மாற்றி மடக்கிக்கொண்டார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

அன்று மாலை சாமியே என்னைக் கூப்பிட்டார். அடுத்தது தை அமாவாசை, அதற்குள் திருச்செந்தூருக்கு நடக்கிறவர்களும் கிளம்பிவிடுவார்கள், இரண்டு கூட்டமும் ஒரே நாளில் வந்து விழும், போன வருஷம் சமாளிக்க முடியவில்லை, நீங்கள் பெரிய இடத்தில் வேலை பார்த்தவர், ஒரு வழி சொல்லுங்கள் என்றார். என் கால் தரையில் படவில்லை. வந்த நாளிலிருந்து இதற்காகத்தானே காத்திருந்தேன்.

பள்ளம் வைத்த எவர்சில்வர் தட்டுகள் விளாத்திகுளத்தில் வாடகைக்குக் கிடைத்தன. இரண்டு பரிமாறும் மேஜை, ஒரு பக்கம் உள்ளே வருகிற வழி, மறு பக்கம் வெளியே போகிற வழி. சாப்பிட்டவர் எழும்ப வேண்டியது, அடுத்தவர் உட்கார வேண்டியது. தை பிறந்து பச்சை வேட்டி கட்டிய திருச்செந்தூர்ப் பக்தர்கள் சாரை சாரையாக வர ஆரம்பித்ததும் இதை வேப்பமரத்தடியில் நடத்திக் காட்டினேன். அருமையாக நடந்தது. காலில் கொப்புளத்தோடு நடக்கிறவர்களுக்கு உட்கார நேரம் ஏது? சாப்பிட்டு, தண்ணீர் பிடித்துக்கொண்டு, முருகன் பேரைச் சொல்லிக்கொண்டு போனார்கள். சாமி தலையாட்டினார். தை அமாவாசைக்குக் கொட்டகைக்குள்ளும் இதுதான் என்று முடிவானது.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் புஷ்பம் பூசணிக்காயை என் முன்னால் வைத்துவிட்டு, போகாமல் நின்றார். வெளியே மட்டும் தட்டு வைத்துக்கொள்ளலாமே, உள்ளே இலையே இருக்கட்டுமே என்றார். ஏன் என்றேன். "பந்தியிலதான் அண்ணாச்சி கேக்கக் கூடாது. அடுப்படியில கேக்கலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அந்தக் காக்கிச் சட்டைக்காரரும் வெள்ளைத் துண்டுக்காரரும் கூடப் பிறந்தவர்களாம். குளத்தூர்ப் பக்கம். இந்தக் கொட்டகையின் முதல் கூரைக்குப் பனஞ்சட்டம் கொடுத்தவர் அவர்களுடைய அப்பாவாம். அப்பா போன பிறகு பலசரக்குக் கடையைப் பிரித்ததில் சண்டை வந்து, இனி என் வாசப்படியில் கால் வைக்காதே என்று நாலு பேர் முன்னால் மூத்தவர் சொல்லிவிட்டார். மூத்தவர் கடையோடு நின்றுவிட்டார். இளையவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பேச்சு நின்று வருஷக்கணக்காகிவிட்டது. ஆனால் அப்பாவுக்கு எள் இறைத்துவிட்டு அப்பா சாப்பிட்ட இடத்தில் சாப்பிடுவதை மட்டும் இருவருமே விடவில்லை. இப்போது இளையவர் மகளுக்கு மாசியில் கல்யாணம். பத்திரிகையில் முதலில் பெரியப்பா பேர் வர வேண்டும். கேட்காமல் போட்டால் அவருக்கு அவமானம், போடாமல் விட்டால் பிள்ளைக்கு அவமானம். வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்கலாம் என்றால் வாசப்படி ஏற முடியாது. ஆள் விட்டுக் கேட்டதற்குப் பதிலே இல்லை. பத்திரிகை அச்சுக்குப் போகாமல் கிடக்கிறது.

"அவிய ரெண்டு பேரும் ஒரு எடத்துல இருக்கறது இந்தப் பந்தியிலதான்," என்றார் புஷ்பம். "தம்பிக்காரரு அண்ணனை எழும்ப விடாம உக்கார வச்சிருக்காரு. எங்களுக்கு எல்லாம் தெரியும். ரசத்தைக் கேக்காமலே கொண்டுபோயி ஊத்துவேன். நீங்க தட்டைக் குடுத்து எழுப்பி விட்டுட்டியன்னா, அந்தப் புள்ள கல்யாணத்துக்குப் பெரியப்பா இல்ல."

நான் பூசணிக்காயை நறுக்கி முடித்தேன். பிறகு சாமியிடம் போய், கொட்டகைக்குள் இலையே இருக்கட்டும், தட்டு வெளியே போதும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "அதுவும் சரிதான்" என்றார். அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது. முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே.

தை அமாவாசை. ரோட்டில் பச்சை வேட்டிகள் வரிசை முடியவே இல்லை. மரத்தடியில் என் தட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே பன்னிரண்டரைக்கு இலை போட்டோம். காக்கிச் சட்டைக்காரர் வந்துவிட்டார். அன்று வெள்ளைச் சட்டை, புதியது. கிழக்குக் கோடியில் உட்கார்ந்தார். மேற்குக் கோடியில் அவர் அண்ணன் இல்லை. வழக்கமாக அவர் உட்காரும் இடத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்துவிட்டாள். புஷ்பம் கதவடியில் நின்று ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காத்திருக்க முடியாது, சாமி தலையசைத்தார். பரிமாற ஆரம்பித்தோம்.

வாழைக்காய், பூசணிக் கூட்டு, சாம்பார். முப்பது பேரும் சாப்பிட்டு முடித்தார்கள், ஒருவர் தவிர. நான் ரசவாளியை எடுத்தேன். முதல் தடவை, இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை போனபோது அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், பேசக்கூடாது என்பதால் இலையை விட்டுக் கையை எடுத்தார். ஊற்றினேன். தட்டு ஒன்றுக்கு இத்தனை நிமிஷம் என்று பேசித் திரிந்தவன், ஒரு பந்தியை எழும்ப விடாமல் வாளியோடு சுற்றிக்கொண்டிருந்தேன். பாயசம் வந்தது, மோர் வந்தது. அவர் இலை காலியாகிவிட்டது. இனிமேல் சாமி எழும்ப வேண்டியதுதான் பாக்கி. சாமி தன் இலையில் கிடந்த ஊறுகாய்த் துண்டை விரலால் தொட்டார், நாக்கில் வைத்தார், மறுபடியும் தொட்டார். அந்த ஊறுகாய் அவருக்கு அன்று வெகுநேரம் வந்தது.

அப்போதுதான் அண்ணன் வந்தார். ரோட்டில் கூட்டத்தில் பஸ் நகராமல், இறங்கி நடந்தே வந்திருக்கிறார் என்று தெரிந்தது. வேட்டி முழங்கால் வரை புழுதி. எல்லா இலையும் காலியாகக் கிடப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார், திரும்பிப் போகிறவர் போல. புஷ்பம் கதவடியிலிருந்து உள்ளே வந்தார். கிழக்குக் கோடியில், தம்பிக்குப் பக்கத்தில் இருந்த இடுக்கில் ஓர் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தார். அங்கே தவிர வேறு எங்கும் இடமில்லை. அண்ணன் இலையைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

இப்போது கடைசி இலை அவருடையது. அத்தனை பேரும் காய்ந்த கையோடு அவருக்காக உட்கார்ந்திருந்தார்கள். வேகமாகச் சாப்பிடுகிறவர், ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவார், அவ்வளவுதான் நமக்குக் கொடுத்து வைத்தது என்று நினைத்துக்கொண்டேன். அவர் சாம்பாரைப் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். பிறகு கை நின்றது. பக்கத்து இலையை ஒருமுறை பார்த்தார். அதன் பிறகு முருங்கைக்காயை எடுத்து ஒவ்வொரு நாராக உரிக்க ஆரம்பித்தார். கவளத்தை உருட்டி வைத்துவிட்டு மறுபடியும் உருட்டினார். நான் ரசம் கொண்டுபோனேன், வாங்கினார். மறுபடி போனேன், வாங்கினார். மூன்றாவது தடவை அவரே இலையைத் தட்டிக் காட்டினார். கைக்குழந்தை அம்மாவின் மடியில் தூங்கிப்போனது. தம்பி தலையைக் குனிந்து காலி இலையைப் பார்த்தபடியே இருந்தார். தோள் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்ல அங்கே அடுப்புகூட இல்லை.

சாமி எழும்பினார். பந்தி எழும்பியது. வெளியே தொட்டியடியில் அண்ணன் முதலில் போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டார். தன் கையைக் கழுவவில்லை. திரும்பி, "கையக் காட்டுலே" என்றார். தம்பி இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். தண்ணீர் ஊற்றிக்கொண்டே, யாரையோ திட்டுகிற குரலில் அண்ணன் கேட்டார்: "பத்திரிகை அடிச்சாச்சா?"

"இல்ல."

"மாசிக்குக் கல்யாணத்த வச்சிக்கிட்டு இன்னும் அடிக்காம என்னலே செய்யுத?"

புஷ்பம் என் கையிலிருந்த ரசவாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். வாளியில் ஒன்றும் மிச்சமில்லை.

மூன்று நாள் கழித்து நான் கிளம்பினேன். சென்னை ரயில் இரவு எட்டு மணிக்கு மேல்தான். ஆனாலும் மாலை நான்கு மணிக்கே லோடு ஆட்டோ வந்து நின்றது. தம்பிக்காரரே ஓட்டி வந்திருந்தார். புஷ்பம் சொல்லிவிட்ட ஏற்பாடு. இது பந்தி இல்லை, கேட்கலாம். என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்க ஏராளமாக இருந்தது. உப்பளங்கள் வருகிற வரை நான் வாயைத் திறக்கவே இல்லை. அவராகத்தான் பேசினார். முதலில் என் ஊரைக் கேட்டார், பிறகு தாத்தா ஊரைக் கேட்டார், வருத்தப்பட்டார். ரசம் நன்றாக இருந்தது என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, அன்றைக்கு ஏன் எனக்கு விடாமல் ஊற்றினீர்கள் என்று கேட்டார். உங்கள் அண்ணன் வருகிற வரை பந்தியை நிறுத்தி வைக்கத்தான், நீங்கள் வழக்கமாகச் செய்கிற மாதிரி என்றேன். அவருக்குப் புரியவில்லை.

"நான் நிறுத்தி வைக்கவா?" என்றார். "அப்படி எல்லாம் இல்ல அண்ணாச்சி. சின்னப் புள்ளையிலேருந்தே எனக்குச் சாப்பாடு மெதுவாத்தான் எறங்கும். எங்க வீட்டுல எல்லாரும் தின்னுட்டு எந்திரிச்சிருவாவ. எங்க அண்ணன் மட்டும் காஞ்ச கையோட என்கூட உக்காந்திருப்பாவ. கடுகடுன்னுதான் இருப்பாவ. ஆனா எழும்ப மாட்டாவ."

சாமியும் புஷ்பமும் நானும் சேர்ந்து எவ்வளவு பெரிய திட்டத்தை இந்த மனிதர் தலையில் கட்டியிருந்தோம் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அவியளுக்கு மெதுவாச் சாப்பிடவே தெரியாது," என்றார். "அன்னைக்குச் சாப்பிட்டாவல்லா."

ஸ்டேஷன் வாசலில் என் பெட்டியை அவரே இறக்கி வைத்தார்.

ஈப்போவில் முதல் நாள் மதியம். மகனும் மருமகளும் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிட்டார்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு என் மனைவி வழக்கம்போலக் கடைசியாகத் தட்டைப் போட்டு உட்கார்ந்தாள். நான் எப்போதோ முடித்துவிட்டேன். கை காய்ந்துகொண்டிருந்தது. எழும்பவில்லை.

"என்ன வேணும்? கறி போடவா?" என்றாள்.

ஒன்றும் வேண்டாம், நீ சாப்பிடு என்றேன். அவள் என்னையும் அடுப்படியையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுபடியும் டப்பாக்களை இடம் மாற்றத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். நான் ரசக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.